படித் திருப்பத்தில் ஒரு கோப்பை

ஜன்னல் திட்டின் மேல் கையை வைத்துத் துழாவிய பிறகுதான், அங்கே கோப்பை இல்லை என்பது பெரியவருக்கு உறைத்தது. கண்ணால் பார்த்து எடுக்கிற பழக்கம் அவருக்கு எப்போதோ போய்விட்டது. மாடிப்படி பாதியில் திரும்புகிற இடத்தில் தெருவைப் பார்த்தபடி ஒரு சின்ன ஜன்னல். அதன் திட்டில் விடிந்தும் விடியாத வேளையில் பால் கலக்காத காபி ஒரு கோப்பை இருக்கும். இவர் கீழேயிருந்து பாதிப் படி ஏறுவார், கையை நீட்டுவார், எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். பாதிக்கு மேல் ஒரு படி ஏறியதில்லை.

இன்று விரல்களில் வெறும் சிமெண்டுத் தூசிதான் ஒட்டியது.

‘அவளுக்கு உடம்புக்கு ஏதாவதோ?’ என்றுதான் முதலில் நினைத்தார். அவள் என்றால் மாடியில் இருக்கும் தம்பியின் மனைவி. தம்பியைப் பற்றி அவர் நினைக்கவில்லை. நினைப்பதில்லை என்பது அவர் தனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

காபிக் கொட்டையை அரைக்கும் கைமில்லின் கரகரப்பு வழக்கம்போலத்தான் கேட்டது. பிறகு தண்ணீர் கொதிக்கும் சத்தமும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இப்போது மேலே ஒரு முக்காலி நகர்கிற ஓசை.

“ஏங்க.”

சற்று நேரம் கழித்து இன்னொரு தரம், “ஏங்க!” அந்த இரண்டாவது குரல் முதல் குரலைப் போல் இல்லை. தம்பி மனைவி படியின் தலைப்பில் வந்து நின்றாள்.

“அத்தான், மேலே வாங்களேன். இவர் பேசமாட்டேங்கிறார்.”

பெரியவர் காலைத் தூக்கினார். வீடு கட்டும் இடங்களில் மேற்பார்வை பார்த்தே ஆயுளைக் கழித்தவர். சுவர் ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் இடித்துக் கட்டச் சொல்வார் என்பதால், கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் தூக்குக்குண்டு. முதுகும் அப்படித்தான், வயசு அதன் பக்கம் போகவே பயந்ததுபோல நட்டமாக நின்றது. அந்த மாடிப்படியை அவர்தான் முன்னால் நின்று கட்டுவித்தார். ஆனாலும் மேல் பாதியின் உயரம் மறந்துபோய், முதல் படியிலேயே கால் தடுக்கியது.

தம்பி சமையலறை முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தான். நீள மூக்குக் கெட்டில் மேடையில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. எதையும் கீழே போட்டு உடைத்து, யாரையும் திடுக்கிட வைத்து அவனுக்குப் பழக்கமில்லை. மேடையில் பழுப்பு நிறக் கோப்பை ஒன்று. அதன் மேல் காபி வடிகட்டும் வெள்ளைப் பீங்கான் கூம்பு. கூம்புக்குள் காகிதத்தில் ஈரப்பொடி சரிந்து ஒட்டியிருந்தது.

அந்த முகத்தை இத்தனை பக்கத்தில் பார்த்து எத்தனை காலம்! போகிறவனாகவும் வருகிறவனாகவும் முதுகைப் பார்த்ததுண்டு. புருவம்கூட நரைத்துவிட்டதா இவனுக்கு?

எதிர்வீட்டு டாக்டரம்மா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார். “நெஞ்சுதான். ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார்” என்றார். பிறகு மூவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். தோளைப் பிடித்த பெரியவருக்கு, அவன் இவ்வளவு இலேசாக இருந்தது பிடிக்கவில்லை.

சாவு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்ய ஒருவர் வேண்டும். பெரியவர் அந்த இடத்தில் போய் நின்றார். தன் மகளுக்குச் சொன்னார். தம்பி நடத்திய மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சொல்லியனுப்பினார். நாற்காலிகளுக்குச் சொன்னார். குரல் எங்கும் உடையவில்லை. எல்லாம் முடித்துத் தம்பி மனைவியிடம் வந்தார்.

“கீழே நடு ஹால்லதான் வைக்கணும்மா. அப்பா கட்டின வீடு. இவ்வளவு பெரிய ஹாலைப் பூட்டி வெச்சுட்டு, வர்றவங்களைப் பக்கவாட்டுப் படியில ஏத்தி இறக்கினா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

அவள் நிமிரவில்லை. கணவனின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். “புதுசா என்ன பேசப் போறாங்க அத்தான்? இத்தனை வருஷமாப் பேசினதைத்தான் பேசுவாங்க.”

“குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கு.”

“இருக்கு. அது கீழே இருக்கு. நாங்க மேலே இருக்கோம்.” அவள் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் அது சுட்டது. “இங்கேயே எல்லாரும் பார்க்கட்டும். மத்தியானம் நேரா வண்டிக்கு இறக்கிடலாம். கூப்பிடாத வீட்டுக்குள்ள காலை வைக்கமாட்டேன்னு சொன்னவர் அவர். உசிரோட இருந்தப்ப நடக்காததை, அவர் அசந்த நேரம் பார்த்து நான் செய்யறதா?”

“இப்ப நான்தானே கூப்பிடறேன்!”

“என்கிட்டே சொல்றீங்க. அவர்கிட்டே சொல்லுங்க.”

பெரியவர் கட்டிலருகே போனார். ‘வாடா’ என்கிற ஒற்றைச் சொல்தான். சின்ன வயதில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்னது. வாயைத் திறந்தார். வறட்டு இருமல்தான் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சண்டை ஊருக்கே தெரிந்த சண்டை. பெரியவரின் மகளைப் பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்திருந்த சமயம். மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்ணாடிக்கு அளவெடுக்கும் சாக்கில் தம்பியின் கடைக்கு வந்து, பெண்ணைப் பற்றி விசாரித்தார். சின்ன வயதில் பெண்ணுக்கு வலிப்பு வந்ததுண்டு என்று தம்பி சொல்லிவிட்டான். “இப்ப இல்லை. ஆனா தெரிஞ்சே கட்டிக்கோங்க” என்றானாம். சம்பந்தம் முறிந்தது. “வீட்டு மானத்தை அளவெடுத்து வித்துட்டே. இனி உன் முகத்தில முழிக்கமாட்டேன். நான் கூப்பிடாம என் ஹாலுக்குள்ள காலை வைக்காதே” என்றார் பெரியவர். அவர் சொன்னது கல்லில் செதுக்கினது. ஊரே தம்பியிடம் கண்ணாடி போட்டுக்கொண்டபோது, இவர் மட்டும் பஸ் ஏறிப் போய் வேறு கடையில் போட்டுக்கொண்டார். அது இன்றுவரை மூக்கில் நின்றதில்லை. மகளுக்குப் பிறகு எல்லாம் தெரிந்த ஒருவனே வந்து வாய்த்தான், தங்கமானவன். அதனால் மட்டும் தம்பி செய்தது சரி என்று ஆகிவிடுமா?

பெரியவரின் மனைவி இறந்த பிறகு, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விட்ட ஒரு காலையில்தான், படித் திருப்பத்தில் முதல் கோப்பை வந்தது. வைத்துவிட்டு விலகிய கையைப் பார்த்தார். வளையல் போட்ட கை. தம்பி மனைவியோடு அவருக்கு என்ன பகை? வீட்டுக்கு வந்த பெண் மரியாதை தெரிந்து கொடுக்கிறாள், மூத்தவர் வாங்கிக்கொள்கிறார். சபதத்துக்குப் பழுதில்லை. குடித்து, கழுவி, அதே இடத்தில் வைத்துவிடுவார். அதிலும் ஒரு கணக்கு உண்டு. காபி சரியாக வந்திருந்தால் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார். குறை இருந்தால் நிமிர்த்தி வைப்பார். கவிழ்த்த நாட்கள் குறைவு. சுவரானாலும் காபியானாலும், வாய்விட்டுப் பாராட்டினால் வேலை கெடும் என்பது அவர் கட்சி.

மகள் வந்து சேர்ந்தாள். வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தும் நிற்காமல் படியேறி ஓடினாள். சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையைக் கேட்டு, ‘எனக்கும் இவ்வளவு அழுவாளா?’ என்று பெரியவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டார்.

அழுகை சற்று ஓய்ந்த நேரத்தில் அவரே பேசினார். “நீ காபி போட்டுக்கிட்டிருந்த நேரம்போல இருக்கு. பக்கத்திலேயேதான் இருந்தியாம்மா?”

தம்பி மனைவி அவரைப் புரியாமல் பார்த்தாள். “நானா? காபியா?”

“அப்பா…” என்றாள் மகள்.

“தினம் போடறதுதானேன்னு கேட்டேன்.”

“எனக்கு அந்தக் கூம்பைத் தொடவே தெரியாது அத்தான். தொடவும் விடமாட்டார். நான் போட்டா கஷாயம்பார். வைக்கிறது மட்டும்தான் நான்.”

பெரியவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“‘நான் போட்டேன்னு தெரிஞ்சா அண்ணன் கையை இழுத்துக்குவார், நீ கொண்டுபோய் வை’ன்னுவார்” என்றாள் அவள். சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. “முதல் கப்பு உங்களுக்குத்தான். முதல்ல துளி வெந்நீர் விட்டு நிறுத்துவார். பொடி உப்பி வரும். மூச்சு வாங்கட்டும்னு கெட்டிலைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு நிப்பார். அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்களைப் பத்திப் பேசுவார். ராத்திரி ரெண்டு தரம் இருமினார், இன்னிக்குப் பொடியைக் குறைச்சுப் போடணும்னுவார். கீழே நீங்க இருமினா இங்கே இவருக்குத் தூக்கம் போயிடும்.”

இடையில் சில மாதங்களாகக் காபி இலேசாக இருந்ததும், தொண்டைக்கு இதமாக இருந்ததும் பெரியவருக்கு ஞாபகம் வந்தது. பெண்பிள்ளை கவனித்துச் செய்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

“‘உங்க சித்தி கைப்பக்குவம் யாருக்கும் வராது’ன்னு நீங்க சொல்வீங்களே,” மகள் மூக்கை உறிஞ்சினாள், “அதை அப்படியே வந்து சித்தப்பாகிட்டே சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார். தூக்குக்குண்டுக்கே கோணல் தெரியலை பாருன்னுவார்.”

“உனக்கும் தெரியுமா?”

“உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்பா.”

தம்பி மனைவி சொன்னாள்: “நான் கப்பை எடுத்துக்கிட்டு மேலே வந்ததும், கவிழ்ந்திருந்துச்சா, நிமிர்ந்திருந்துச்சான்னுதான் முதல் கேள்வி. கவிழ்ந்திருந்துச்சுன்னா போதும், அன்னைக்குக் கடையில பேரம் பேசறவங்களுக்குக் கொண்டாட்டம். கேட்ட விலைக்குக் கொடுத்துட்டு வந்து நிப்பார்.”

“நிமிர்ந்திருந்தா?”

“நாளைக்குப் பார்த்துக்கலாம்னுவார்.”

பெரியவர் சமையலறைக்குப் போனார். யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. கூம்பைத் தூக்கினார். அடியில் நின்றிருந்த கடைசிச் சொட்டு மேடையில் விழுந்தது. கோப்பையில் முக்கால்வாசி காபி இருந்தது. மேலே மெல்லிய ஆடைபோல எண்ணெய்ப் பளபளப்பு. மீதிக் கால்வாசிக்கான தண்ணீர் கெட்டிலில் ஆறிக்கிடந்தது.

அவர் ஒருபோதும் நின்றுகொண்டு எதையும் குடித்தவரில்லை. பக்கத்தில் முக்காலி இருந்தது. அதில் உட்காரவும் முடியவில்லை. நின்றபடியே குடித்தார். சில்லிட்டுப்போயிருந்தது. ஊறி ஊறிக் கசப்பு ஏறியிருந்தது. வேறு எந்த நாளானாலும் ஒரு வாய்க்கு மேல் இறங்கியிருக்காது. அடிவரை குடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவினார். ஒரு கோப்பையைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

பெரியவர் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

பார்க்க வந்தவர்கள் பக்கவாட்டுப் படியில் வரிசையாக ஏறினார்கள், இறங்கினார்கள். “அண்ணன் எங்கே?” என்று சிலர் கேட்டது அவர் காதில் விழுந்தது. கீழே ஹாலில் அவர் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தார். மேஜையைச் சுவரோரம் தள்ளினார். நடுவில் இடம் விட்டு, தரையைத் துடைத்து, ஹாலின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றார்.

வண்டி வந்தது. கடையில் வேலை பார்க்கும் இருவரும், டாக்டரம்மாவின் கணவரும், மகளின் வீட்டுக்காரரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். தம்பி மனைவி முன்னால் இறங்கினாள். படித் திருப்பத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் பாரத்தோடு நிற்க வேண்டியதாயிற்று.

“என்னங்கம்மா? நேரா வண்டிக்குத்தானே?”

அவள் ஜன்னல் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே பார்த்தாள். திறந்த கதவருகே, கண்ணாடி இல்லாத வெறும் முகத்தோடு, பெரியவர் நட்டமாக நின்றுகொண்டிருந்தார். அவர் கை மட்டும் நிலையைப் பிடித்திருந்தது.

“இல்லை,” என்றாள். “ஹாலுக்கு.”

திருப்பம் குறுகல். ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். முன்னால் பிடித்திருந்த கடை ஊழியர் முழங்கை இடிக்காமலிருக்க, திட்டில் இருந்ததை நகர்த்தக் கையை நீட்டினார்.

“அதை எடுக்காதீங்க” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஊழியர் கையை இழுத்துக்கொண்டார். நால்வரும் மூச்சைப் பிடித்து, கோப்பையில் படாமல் ஒதுங்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கவிழ்ந்திருந்த கோப்பையைச் சுற்றிச் சிமெண்டில் ஒரு ஈர வளையம் இருந்தது. அது இன்னும் காய்ந்திருக்கவில்லை.