நாலாம் பாகத்துக்குக் கட்டிய கயிறு

"நாலாவது பாகம் நல்லா இருக்குதுனு சொன்ன வாய இன்னொரு தபா தொற, பாக்கலாம்" என்றான் சிவசங்கர்.

"நல்லா இருக்குது" என்றான் தருமன். "தொறந்துட்டேன். இன்னா பண்ணுவே?"

காற்று சரியில்லாததால் அன்று யாரும் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகவில்லை. மீனவக் குப்பத்துத் தலைவரான நாட்டாரின் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். சிவசங்கர் நாட்டாரின் மகன். பெரிய டிவியும் கேம் பெட்டியும் அவனுடையவை. தருமனும் பால்ராஜும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் 'கிரேலாக்' ஆடப் பழகினார்கள். ஒரு திருடன் காவல்காரர்கள் கண்ணில் படாமல் வீடு வீடாகப் புகுந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இதுவரை நான்கு பாகம் வந்திருக்கிறது. தரையில் வைத்திருந்த போனில், பொன்னேரி, அனுப்பம்பட்டு என்று அங்கங்கே இருக்கும் முப்பது ரசிகர்கள் இவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மொத பாகத்துல அந்த ஜட்ஜ் வீடு ஞாபகம் கீதா? ஒரே வீடு, மூணு மாடி. வேலக்காரங்க ஏர்ற படி எங்க கீதுனு கண்டுபுடிக்கவே எனுக்கு ரெண்டு நாள் ஆச்சு. வெளிய மழ. காவக்காரன் பல்லு வலிக்குதுனு பொலம்பிகினே போறான். மெழுகுவத்திய ஊதி அணைச்சா நம்ம மூச்சே நின்னுரும். அதான்டா ஆட்டம்" என்றான் சிவசங்கர்.

"இருட்டுல ஒளியறது இன்னா பெரிய வேல? எவனும் ஒளிவான். நாலாவதுல சந்த கீது பாரு, பட்டப்பகல்ல, நூறு பேரு. அவங்க நடுவாலயே நடக்கணும், ஒருத்தனும் பாக்கக் கூடாது. எனுக்கு அங்கதான்டா பயம் வந்துச்சு."

"எங்க பாத்தாலும் அம்புக்குறி. செவுத்துக்கு அந்தாண்ட நிக்கிறவனக் கூட காட்டிக் குடுக்குது. எங்க வேணா ஏறு, எங்க வேணா எறங்கு. வாசலே இல்லாத வீட்டுக்குத் திருடன் எதுக்குடா?"

பால்ராஜ் சிரித்தான். சிவசங்கர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவன் எப்போதும் சிரிப்பான்.

"அம்புக்குறிய அணைச்சுட்டு ஆடு" என்றான் தருமன். "எங்க அணைக்கிறதுனு தெரிலனா கேளு, சொல்லித் தரேன். ரெண்டு வருசமா தெரியாமயே ஆடிகினு கீறியா?"

போனில் முப்பது பேரும் சிரித்தார்கள்.

சிவசங்கர் எழுந்து கரைக்குப் போனான்; மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். பழைய வலைக்கயிற்றில் ஒரு முழம் அறுத்து, தருமன் படகின் முனையில் இறுக்கிக் கட்டினான்.

"ஒனுக்குப் பேச்சு நிறுத்தியாச்சு. நாலாவது பாகம் குப்பைனு எல்லாரு காதும் கேக்கச் சொல்லு. அப்பதான் அவுப்பேன்."

"போடா லூசு" என்று தருமனும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அந்தக் குப்பத்தில் படகு முனையில் கயிறு கட்டுவது சிரிக்கிற காரியம் இல்லை. நாட்டார் வீட்டுக் கைதான் கட்டலாம். கட்டினவன்தான் அவிழ்க்கலாம். கட்டப்பட்ட வீட்டாரோடு ஊரில் ஒருவரும் பேசக் கூடாது. எதற்காகக் கட்டியது என்றும் கேட்கக் கூடாது. கேட்டவனுக்கும் ஒரு முழம் உண்டு. கடைசியாகக் கட்டி பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அதனால்தான் மூன்று பேருக்கும் அது விளையாட்டாகத் தெரிந்தது. ஊருக்கு அப்படித் தெரியவில்லை.

சாயங்காலம் தருமனின் அம்மா லோகாம்பாள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள்.

"குழாயாண்ட கொடத்த வெச்சேன். இருந்தவளுங்க எல்லாம் அவங்கவங்க கொடத்த எட்த்துகினு பூட்டாளுங்க. மூடிட்டு வேற போறாளுங்க. இன்னாடா பண்ணே?"

"ஒண்ணியும் பண்ல. ஒண்ணு நல்லா இருக்குதுனு சொன்னேன்."

"எவ அவ?"

"எவளும் இல்லம்மா. கேமு."

லோகாம்பாள் குடத்தைக் கீழே வைத்தாள். "பொம்பள விஷயமா இருந்தாக் கூட மன்னிப்பாங்கடா" என்றாள். "கயித்துல நீ மட்டும் கை வெச்சிராத. நீயே அவுத்தா ஆயுசுக்கும் இந்த வூட்டாண்ட எவனும் வர மாட்டான்."

அவள் பயத்துக்குக் காரணம் பாடு. முகத்துவாரத்தில் இறால் ஏறி வரும் இடங்களை ஊர் முறை வைத்துப் பிரித்திருந்தது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சீட்டில் பெயர் உள்ளவன் ஆறு நாளுக்கு ஒரு தரம் அங்கே கம்பு நட்டு வலை கட்டலாம். தருமனின் நைனா இறந்தபின் அந்தப் பெயர் அவனுக்கு வந்திருந்தது. அடுத்தடுத்து மூன்று பாடு வலை கட்டாமல் விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்; காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும். கம்பு நட மூன்று பேர் வேண்டும். தருமனோடு வழக்கமாக வருகிறவர்கள் பால்ராஜும் சிவசங்கரும்தான். காத்திருப்பவர்களில் முதல் ஆள் பால்ராஜ்.

மறுநாளே முதல் பாடு; பால்ராஜ் கரைக்கு வந்தான். வந்து வேறொரு படகில் உட்கார்ந்துகொண்டான்.

"டேய் பாலு, தண்ணி ஏறிடுச்சு, வாடா. வெளையாடினது போதும்."

பால்ராஜ் பக்கத்தில் படுத்திருந்த நாயிடம் சொன்னான்: "காத்து இன்னாமோ பேசுது பாரு."

தருமன் டீக்கடைக்குப் போய் நாட்டார் முன்னால் நின்றான். "பெரிப்பா, இது ஒரு வீடியோ கேமுக்காகக் கட்னது பெரிப்பா. சத்தியமா. நாலாவது பாகம் நல்லா இருக்குதுனு சொன்னேன், அதுக்குக் கட்டிட்டான்."

நாட்டார் அவனைத் தாண்டி ஏரியைப் பார்த்தார். டம்ளரில் இருந்ததைக் கீழே ஊற்றினார். "காத்து திரும்பிடுச்சு போலக்குது" என்று டீக்கடைக்காரனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் சிவசங்கர் பால்ராஜைத் தனியே கூப்பிட்டான். "அவுத்துடலாமா பாலு? வெளையாட்டுக்குக் கட்னது, ஊரே மூஞ்சத் திருப்பிகிச்சு."

"கயிறு கீற வரைக்கும் எவனும் கேக்கக் கூடாது. இப்ப அவுத்தா ஒங்கப்பன் எதுக்குக் கட்னேனு கேப்பாரு. கேமுக்குனு சொல்லுவியா?"

"தோல உரிச்சிருவாரு."

"அப்ப இருக்கட்டும். அவன் வந்து கேக்கட்டும், பெரிய மனசு பண்ணி அவுத்தேன்னு சொல்லிக்கலாம். இன்னா அவசரம்?"

இரண்டாம் பாடும் போனது. லோகாம்பாள் தண்ணீருக்குப் பக்கத்து ஊரான பசியாவரம் பக்கம் படகு தள்ளிக்கொண்டு போய் வந்தாள். மூன்றாம் பாடு வருவதற்கு முந்தின நாள் மதியம் தருமன் நாட்டார் வீட்டு வாசலில் போய் நின்றான். கூடத்தில் டிவி ஓடியது. போனில் முப்பது பேரும் இருந்தார்கள்.

சிவசங்கர் திரும்பவில்லை. பால்ராஜைப் பார்த்து, "வாசப்படி தாண்ட வேணாம்னு சொல்லு" என்றான்.

"தாண்ட வேணாமாம்" என்று பால்ராஜ் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"நாலாவது பாகம் குப்ப" என்றான் தருமன்.

"போனுக்குக் கேக்கலனு சொல்லு."

"நாலாவது பாகம் குப்ப!"

"எதுனால குப்பனு கேளு."

"வீடு வீடா இல்ல. மழ இல்ல. வெளிச்சம் ஜாஸ்தி. வாசலே இல்லாத வீட்டுக்குத் திருடன் எதுக்கு."

போனில் யாரோ கை தட்டினார்கள்.

"பட்டப்பகல்ல பயம் வரும்னு சொன்னாரே ஒருத்தரு, வருமானு கேளு."

தருமன் கீழே பார்த்தான். அவன் காலடியில் நாட்டார் வீட்டுக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

"வராது" என்றான்.

"காலீல எட்டு மணிக்கு வந்து அவுக்கிறேன்னு சொல்லு. வலைய எட்த்து ரெடியா வைக்கச் சொல்லு."

மறுநாள் ஏழு மணிக்கே தாயும் மகனும் வலையைப் படகில் ஏற்றிவிட்டார்கள். எட்டு அடித்தது. ஒன்பதும் ஆனது. பால்ராஜ் தன் இடத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தான்.

"உச்சிக்கு மேல தண்ணி வத்திடும், ஓடிப் போய்க் கூப்புடு" என்றாள் லோகாம்பாள்.

தருமன் ஓடினான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரைச்சல்: வியாபாரிகள் கூவினார்கள், வண்டி உருண்டது, நூறு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்தை அவன் உடனே கண்டுகொண்டான். நாலாவது பாகம், சந்தை. ஜன்னல் வழியே சிவசங்கரின் முதுகு தெரிந்தது.

"சிவா! டேய் சிவா! தண்ணி போவுதுடா!"

கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. சிவசங்கர் திரும்பாமலே ஒரு கையை நீட்டி டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்தது. பாடு எழுதும் சீட்டு வைத்திருக்கும் ஆள் கரைக்கு வந்து, ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் சிவசங்கர் வந்தான். கண் சிவந்திருந்தது. முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கத்தியால் அறுத்தான்.

"மச்சி" என்றான். பதிமூன்று நாளில் தருமனைப் பார்த்துச் சொன்ன முதல் சொல். "அஞ்சு நிமிசம்னுதான்டா குந்தினேன். அம்புக்குறி அணைச்சுட்டு. மெய்யாலுமே நீ சொன்னது கரெக்டுடா. அத்தினி பேரு இருக்காங்க, ஒருத்தன் பாத்தா செத்தோம். அந்தப் பகலு இருட்ட வுட பயமா கீதுடா."

தருமன் அறுந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாடு பூட்ச்சுப்பா" என்றாள் லோகாம்பாள்.

"அய்யய்யோ. யாருக்குப் போச்சு?"

"எனுக்குத்தான்" என்று பால்ராஜ் எழுந்து வந்தான். தருமன் தோளில் கை போட்டான். "ஆறு நாள்ல மொத பாடு. மூணு பேரு வேணும், நானும் சிவாவும் கீறோம். கம்பு எங்க நடணும்னு ஒனுக்குத்தான்டா தெரியும். வர்றியா?"

லோகாம்பாள் வலையைப் படகிலிருந்து இறக்கத் தொடங்கினாள்.

"எத்தினி மணிக்கு?" என்றான் தருமன்.

"எட்டுக்கு. லேட் பண்ணாத."