மீனுக்குப் பிழிந்த முறுக்கு

கொளஞ்சியப்பன் எதையும் முதலில் செய்துவிட்டு, அப்புறம்தான் பெண்டாட்டியிடம் சொல்வார். எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் பஞ்சவர்ணத்துக்கு விஷயம் தெரிந்தபோது ரெண்டாயிரம் மீன் குஞ்சுகள் குழிக்குள் இறங்கிவிட்டிருந்தன.

"என்னங்க இது?"

"கட்லா, ரோகு, மிர்கால். அணைக்கரையிலேருந்து வாங்கியாந்தேன். திருச்சி ரேடியோவுல சொன்னாங்க புள்ள, வீணாக் கெடக்குற தண்ணியில மீன் வளக்கலாமாம்."

அவர்கள் நிலத்தில் அப்படி வீணாய்க் கிடந்த தண்ணீர் உண்டு. அரியலூருக்கு மேற்கே, ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு விட்டுப்போன குழி. கல் போய்விட்டது, குழியில் மழைத் தண்ணீர் நின்றுவிட்டது. கோடையிலும் வற்றாது. கரையில் நின்று பார்த்தால் உள்ளே வெட்டுப்படிகள் ஒவ்வொன்றாய்த் தெரியும், அவ்வளவு தெளிவு.

அந்தத் தெளிவுதான் வினையாகப் போயிற்று. பாசி இல்லை, பூச்சி இல்லை. குஞ்சுகளுக்குத் தின்ன ஒன்றுமே இல்லை. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் சரிபாதியாகக் கலந்து தூவச் சொன்னார்கள் என்று கொளஞ்சியப்பன் தினமும் காலையில் ஒரு கூடை தூவினார். காற்றடித்தால் தவிடு ஒரு மூலையில் போய் நுரையோடு ஒதுங்கும். காற்றில்லாத நாளில் புண்ணாக்குத் தூள் கரைந்து இருபதடி ஆழத்துக்குப் போய்விடும். நாலு மாசம் கழித்து ஒரு மீனைப் பிடித்துத் தீப்பெட்டி பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தீப்பெட்டியைவிட அரை விரல்தான் அதிகம்.

"கொளஞ்சி, மீனு வளக்கிறியா, கொசு வளக்கிறியா?" என்று ஊரில் கேட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

குடும்பம் ஓடியது பஞ்சவர்ணத்தின் முறுக்கில். தினம் ரெண்டு டின் முறுக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் செல்லக்கண்ணுவின் டீக்கடைக்குப் போகும். கையில் எடுத்தால் எண்ணெய் ஒட்டாது. கடித்தால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஜெயங்கொண்டம் பஸ் டிரைவர்கள் அதற்காகவே ரெண்டு நிமிஷம் அதிகம் நிறுத்துவார்கள் என்று செல்லக்கண்ணு சொல்வார். அதில் பாதி உண்மை.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் குழிக்கரையில் டின்னைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த ரெண்டு நொறுக்குத் துண்டுகள் தண்ணீரில் விழுந்தன. எங்கிருந்தோ ஐம்பது அறுபது மீன்கள் ஒரே பாய்ச்சலாக வந்தன. ஒன்று துண்டைக் கவ்வ, இன்னொன்று பிடுங்க, தண்ணீர் கொதிப்பது போலத் தளதளத்தது. கால் மணி நேரம் போனபின்னும் மிச்சத் துண்டு கரையாமல் மிதந்தது. அதையும் ஒன்று கொத்திக்கொண்டு போயிற்று.

பஞ்சவர்ணம் டின்னைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீனுக்குத் தீனி பிடிக்காமல் இல்லை. தீனி மீன் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. தூளாகப் போட்டால் எந்த வாய் அதைப் பிடிக்கும்?

அன்று மதியமே தவிட்டையும் புண்ணாக்கையும் வெந்நீர் விட்டுப் பிசைந்து, முறுக்கு நாழியில் போட்டுப் பாயில் பிழிந்தாள். வெயிலில் காயவைத்து ஒடித்து, ஒரு துண்டைச் செம்புத் தண்ணீரில் போட்டாள். பத்து எண்ணுவதற்குள் கரைந்து கூழாகிவிட்டது.

"என்ன புள்ள பண்றே?" என்று கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தார்.

"மாவு சேரமாட்டேங்குது."

"மைதா போடேன்."

"மீனுக்கு மைதாவா? கட்டுப்படியாவுமா?"

மறுநாள் மரவள்ளி மாவு வாங்கி வந்தாள். அதைக் கூழாகக் காய்ச்சி, சூட்டோடு தவிட்டில் ஊற்றிப் பிசைந்தாள். பிழிந்ததை அப்படியே காயப்போடாமல் இடியாப்பம் போல ஆவியில் வேகவைத்தாள். பிறகு குழிக்கரைப் பாறையில் ரெண்டு நாள் வெயில். இப்போது செம்புக்குள் போட்ட துண்டு அடுப்பு வேலை முடிந்து வந்து பார்த்தபோதும் முழுசாக இருந்தது. விரலால் அமுக்கினால் மட்டும் நசுங்கியது. அதற்குமேல் என்ன வேண்டும்?

ஜெயங்கொண்டம் சந்தையில் கருவாட்டுக்காரிகள் தலையையும் வாலையும் நறுக்கி ஒதுக்குவதைப் பார்த்து, அதையும் ஒரு சாக்கில் கட்டி வந்தாள். இடித்துச் சலித்து மாவில் கலந்தாள். அதற்கப்புறம் மீன்கள் கரையில் அவள் நிழலைக் கண்டாலே கூட்டம் கூடின. ஒரு மாசத்தில் சாண் நீளம். கொளஞ்சியப்பன் மறுபடி ஊருக்குள் நிமிர்ந்து நடந்தார்.

அப்போதுதான் செல்லக்கண்ணு ரெண்டு டின்னையும் திருப்பி அனுப்பினார்.

பஞ்சவர்ணம் அடுத்த பஸ்ஸில் போனாள். கடையில் கூட்டம். செல்லக்கண்ணு முகம் கொடுக்கவில்லை.

"என்னாண்ணே, டின்னு திரும்பி வந்துருச்சு?"

"முறுக்குல கருவாட்டு வாசம் வருதுன்றாங்க தங்கச்சி. ஒருத்தர் சொன்னா பரவால்ல, நாலு பேரு சொல்லிட்டாங்க. உன் வூட்டுக்காரரு மீனுக்கு முறுக்கு போடறதா வேற ஊரெல்லாம் பேச்சு. நெசமா?"

சாம்பல், புளி, சீயக்காய் என்று எல்லாம் போட்டுத்தான் நாழியைத் தேய்த்திருந்தாள். பித்தளையின் சின்ன ஓட்டைகளில் வாசம் தங்கியது அவள் மூக்குக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் கருவாடு இடிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். பெஞ்சில் இருந்த எல்லோரும் டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

"நெசம்தாண்ணே. ஒரே நாழிதான். கழுவிட்டுத்தான் பிழிஞ்சேன், ஆனா தப்புதான்" என்றாள். காது சுட்டது.

செல்லக்கண்ணு கையிலிருந்த டீயை ஆற்றி வைத்தார். "ஒத்துக்கிட்டே. அது சரி. ஆனா இவங்க வாயில நான் எப்படித் திரும்ப முறுக்க வைக்கிறது?"

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "மீன வுட்டுரலாம் புள்ள. முறுக்குதான் சோறு" என்றார் கொளஞ்சியப்பன். அதைச் சொல்ல அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த மனுஷன் எதையும் விட்டதாகச் சரித்திரமே கிடையாது.

"ரெண்டும் இருக்கட்டும். அடுப்பு ரெண்டாவட்டும்" என்றாள்.

பழைய நாழி மீனுக்கென்று குழிக்கரைக் கொட்டகைக்குப் போயிற்று. உரல், பாய், இட்லிப் பானை எல்லாம் கூடப் போயின. முறுக்குக்குப் புது நாழி, புதுச் சட்டி. செல்லக்கண்ணுவிடம் கேட்டு, டீக்கடை வாசலிலேயே ஒரு வாரம் அடுப்பு போட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க அங்கேயே மாவு பிசைந்து, பிழிந்து, சுட்டாள். முதல் நாள் ஒருவரும் வாங்கவில்லை. செல்லக்கண்ணு மட்டும் எல்லோருக்கும் எதிரில் ஒன்றை எடுத்து மோந்து, கடித்து, "ம்" என்றார். ரெண்டாம் நாள் ஒரு டிரைவர் வந்தார். அஞ்சாம் நாள் மாவு மத்தியானத்தோடு தீர்ந்துபோயிற்று.

கையால் பிழிந்து ரெண்டாயிரம் மீனுக்கு ஈடுகட்ட முடியவில்லை. தோள் இற்றுப்போகும். இரும்புப் பட்டறை அரியமுத்துவிடம் போய், "இதே நாழி, ஆனா கொடமாட்டம் பெருசா வேணும். மேல திருகு வச்சு ஒரு கைப்பிடி" என்றாள். அவர் எத்தனை பேருக்கு முறுக்கு என்று கேட்டார். ரெண்டாயிரம் பேருக்கு என்றாள். கல்யாணம் யாருக்கு என்று அவர் விசாரிக்க ஆரம்பித்ததும்தான் விஷயத்தைச் சொன்னாள். அரியமுத்து சிரித்துச் சிரித்துச் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் செய்த வேலை பொன்னான வேலை.

அடுத்த ஆவணியில் வலை இழுத்தார்கள். முதல் இழுப்பிலேயே வலை தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. கட்லா ஒவ்வொன்றும் முக்கால் கிலோ, ஒரு கிலோ. கொளஞ்சியப்பன் ஒரு மீனைக் குழந்தை மாதிரி ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஞ்சவர்ணத்திடம் நீட்டினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீன்வளத் துறை இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியன் அன்று ஸ்கூட்டரில் வந்திருந்தார். மீனைவிட அவருக்குப் பாறையில் காய்ந்த தீவனம்தான் அதிசயமாக இருந்தது. ஒன்றை எடுத்து ஒடித்தார், மோந்தார், தண்ணீரில் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க சார். முறுக்குதான்."

"ஜப்பான்லயும் தைவான்லயும் இதுக்குன்னு ஃபாக்டரியே இருக்கு. பெரிய பெரிய மெஷின் வச்சு இதே மாதிரி குச்சி குச்சியாப் பிழிஞ்சு, மூட்டை கட்டிக் கப்பல்ல அனுப்புறாங்க. புஸ்தகத்துல படம் பாத்திருக்கேன்."

பஞ்சவர்ணம் ஆச்சரியப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "அவங்க பசைக்கு என்ன சார் போடறாங்க?"

இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. "படிச்சுட்டு வந்து சொல்றேன்மா" என்றார்.

சொன்னபடி வந்தார். கோதுமைப் பசை என்றார். அது விலை அதிகம், நம்ம மரவள்ளியே போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அடுத்த மாசம் பெரம்பலூரில் ஏரி, குட்டை குத்தகைக்காரர்களுக்குக் கூட்டம் போட்டார். "நீங்க வந்து காட்டணும்" என்று கூப்பிட்டார்.

சபையில் நாற்பது ஆம்பளைகள். பேசத் தெரியாது என்று அவள் முன்னாடியே சொல்லிவிட்டாள். ரெண்டு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் தவிட்டுத் தூள் ஒரு பிடி, இன்னொன்றில் தீவனம் ஒரு பிடி. போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். பின்வரிசையில் யாரோ காப்பி கேட்டார்கள், சிரிப்பு எழுந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பாட்டில் சேறாகிப்போயிருந்தது. மற்றதில் குச்சிகள் குச்சிகளாகவே கிடந்தன. சிரித்தவர்கள் எழுந்து வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

குன்னத்துக்காரர் ஒருவர்தான் முதலில் கேட்டார். "எனக்கு ஏரி பெருசும்மா. வாரத்துக்கு நாலு மூட்டை தருவீங்களா?" அவர் பின்னால் சிறுவாச்சூர்க்காரர், அவர் பின்னால் இன்னும் மூன்று பேர். கொளஞ்சியப்பன் எல்லோருக்கும் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் ஒத்துக்கிட்டீங்களே" என்றாள். "மழ தொடங்கிட்டா எங்க காயப்போடறது?"

கொளஞ்சியப்பன் அதை யோசிக்கவே இல்லை. மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"வழியில செங்கச் சூளைக் கொட்டகை இருக்குல்ல, சூளை மேல எப்பவும் சூடு இருக்கும்" என்றாள். "தகரம் போட்டுத் தீவனத்தப் பரப்புனா என்னான்னு பாக்கறேன். பஸ்ஸை சூளை ஸ்டாப்புல நிறுத்தச் சொல்லுங்க."