ஏழாம் பெட்டியின் செல்லப்பிள்ளை

பூச்சிக்கூடத்துல எனக்கு எறும்பக்கான்னு பேரு. சொந்தப் பேரு வருகைப் பதிவுல மட்டும்தான் இருக்கு. இருபத்தோரு கண்ணாடிப் பெட்டி, அத்தனைக்கும் தீனி போடறது நான். சர்க்கரைத் தண்ணி, வெட்டுக்கிளித் துண்டு, ஈரப் பஞ்சு, அவ்வளவுதான் சமையல். ஆனா ஏழாம் பெட்டி வேற கதை. ஒத்தை ராணி எறும்ப ஒரு கண்ணாடிக் குழாயில வெச்சு, ஆறு வருஷமா நான் பெருக்கினது. ஆயிரத்துக்கு மேல இருந்துச்சுங்க.

நாலு மாசமா அந்தக் கூடு இளைச்சுக்கிட்டே வந்துச்சு. முட்டை இருக்கும், அதுல பொரிச்சு வந்த குட்டிப் புழு மறுநாள் பாத்தா இருக்காது. பஞ்ச மாத்தினேன், தண்ணிய மாத்தினேன், கை கழுவற சோப்பக்கூட மாத்தினேன். என்னோட கைராசிதான் போச்சோன்னு தோணுச்சு. என் தங்கச்சி மக அதே கூடத்துலதான் ஆராய்ச்சி பண்றா. அவகிட்ட போய் மூக்கச் சிந்தினேன்.

"ராணிக்கு வயசாயிருச்சு பெரியம்மா. எறும்புக்கெல்லாமா அழுவாங்க?" ன்னா. அப்புறம் மூலையில கிடந்த ஒரு குண்டுப் புழுவக் காட்டி, "இது புது ராணியா வரும். நல்லா ஊட்டுங்க" ன்னா.

ஊட்டினேன். குண்டம்மான்னு பேரு வெச்சு, முதல் துண்டு அதுக்குத்தான். எறும்புங்களும் அதைத் தாங்கு தாங்குன்னு தாங்குச்சுங்க.

நேத்து காலையில பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறேன், குண்டம்மா வாயில எறும்போட குட்டிப் புழு ஒண்ணு. பாதி உள்ள போயிருச்சு. ரெண்டு எறும்பு வந்துச்சு. கடிச்சுக் குதறப் போகுதுங்கன்னு பாத்தா, அதோட வாயத் துடைச்சுவிட்டு, சர்க்கரைத் தண்ணியும் ஊட்டிட்டுப் போகுதுங்க.

நேரா தங்கச்சி மக மேஜைக்குப் போனேன். டப்பாவத் திறந்து வெச்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தா.

"அது ராணி இல்லையாடி?"

"இல்ல பெரியம்மா. வண்டுப் புழு. உடம்புல ஒரு வாசனை வரும். எறும்புங்க அதைத் தன் பிள்ளைன்னே நினைச்சுக்கும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நான்தானே வெச்சேன்." ஸ்பூனக் கீழ வெச்சா. "என் ஆராய்ச்சிக்கு நல்லா வளர்ந்த கூடு வேணும். இருக்கறதுலயே உங்களோடதுதான் நல்லா இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா எடுத்துப் போட்டிருப்பீங்க. இன்னும் ரெண்டு வாரந்தான், தொடாதீங்க."

"அந்த வாசனை உனக்கும் இருக்குதுடி" ன்னேன். சிரிக்கப் பாத்தா. நான் சிரிக்கல.

ரெண்டு வாரத்துல ராணியே மிஞ்சாது. தொட்டேன்.

ஒரு புதுப் பெட்டிய நனைச்சு, இருட்டா மூடி, குழாய் வெச்சு ஏழாம் பெட்டியோட இணைச்சேன். பழசுமேல விளக்கப் போட்டேன். வெளிச்சம் பட்டா எறும்பு தானா வீடு மாறும், முட்டையத் தூக்கிக்கிட்டு ராணியையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். வண்டுப் புழு மட்டும் வெளிச்சத்துல கிடக்கட்டும்னு கணக்குப் போட்டேன்.

குழாயில முதல்ல வந்தது குண்டம்மா. எட்டு எறும்பு சேர்ந்து இழுத்துக்கிட்டு வருதுங்க. முட்டைங்க அங்கேயே விளக்கடியில கிடக்குது, ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல.

குழாயக் கழட்டி, இடுக்கியால புழுவத் தூக்கினேன். ஒரு எறும்பு அதை விடாமத் தொங்குச்சு. இன்னொண்ணு என் விரல்ல ஏறிக் கடிச்சுச்சு. ஆறு வருஷத்துல என்னை ஒண்ணும் கடிச்சதில்ல. உதறக்கூட மனசு வரல, பாத்துக்கிட்டே இருந்தேன்.

புழுவ வேற டப்பாவுல போட்டு தங்கச்சி மக மேஜையில வெச்சேன். "நாலு மாச வேலை பெரியம்மா" ன்னா. "எனக்கு ஆறு வருஷம்" ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ராணியையும் மிச்சத்தையும் நானே புதுப் பெட்டிக்கு மாத்தினேன். முட்டைங்களைத் தூரிகையால ஒவ்வொண்ணா எடுத்து எறும்புங்க முன்னாடியே வெச்சேன். அதுங்க முட்டைய மிதிச்சுக்கிட்டு, குண்டம்மாவ மூலை மூலையாத் தேடிக்கிட்டு இருந்துச்சுங்க. மத்தியானமெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கூடம் மூடற நேரத்துக்கு ஒருத்தி ஒரு முட்டைய வாயில எடுத்தா. ரெண்டு அடி நடந்தா. அப்புறம் கீழ வெச்சுட்டு, மறுபடியும் தேடப் போயிட்டா.