இழுவைப் படகு உவமை

கட்டுரையின் மூன்றாம் பக்கத்திலேயே போதகர் இராகுலனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

இறையியல் சஞ்சிகை ஒன்று அதை அவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பியிருந்தது. வழக்கப்படி எழுதியவர் பெயரை நீக்கியிருந்தார்கள். மனிதன் தன் நற்செயல்களால் அல்ல, விசுவாசத்தால் நீதிமானாவது பற்றிய கட்டுரை. விசுவாசிப்பதும் மனிதன் செய்யும் ஒரு கிரியைதானே என்ற பழைய கேள்விக்கு ஆசிரியர் துறைமுகத்திலிருந்து பதில் சொல்லியிருந்தார். இயந்திரம் நின்ற கப்பலுக்கு இழுவைப் படகு கயிறு எறிகிறது. கப்பல் அதைப் பிடித்துக் கட்டுகிறது. அதற்காகக் கப்பல் தானே ஓடிக் கரைசேர்ந்தது என்று எவரும் சொல்வதில்லை.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் இராகுலன் பிரசங்கித்த அதே உவமை.

எழுதியது சபையிலுள்ள இராசதுரை மாஸ்டர்தான். பிரசங்கத்தின்போது பேனாவும் கையுமாக முன் வாங்கில் இருக்கிற மனுஷன். அன்று வாசலில் கைகொடுத்து, "நல்ல உவமை, ஐயா" என்று இரண்டுதரம் சொன்னார். சொன்ன விதமே சரியில்லை என்று இப்போது பட்டது.

'உவமை களவாடப்பட்டது. பிரசுரிக்கக்கூடாது' என்று மதிப்பீட்டில் தட்டினார். இது போய்ச் சேர்ந்தால் எழுதியவரை இனி எந்தச் சஞ்சிகையும் ஏறெடுத்துப் பாராது. தெரிந்துதான் எழுதினார்.

தேத்தண்ணியோடு வந்த மனைவி தர்சிகா திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது எங்கட சபைப் பிரசாந்தினி எழுதினதோ?"

"பேர் இல்லை. மாஸ்டராத்தான் இருக்கும். என்ர பிரசங்கத்தை அப்பிடியே அடிச்சிருக்கிறார்."

"உங்கட பிரசங்கமோ?" அவள் கோப்பையை வைத்தாள். "பாலையூற்று வேதப்படிப்பில பிரசாந்தினி சொன்ன கதையெல்லே. அவவின்ர அப்பா இழுவைப் படகிலதானே வேலை செய்தவர். நீங்கள் சேர்ச்சில சொல்லேக்க அவ என்னைப் பார்த்துச் சிரிச்சவ."

"வேதப்படிப்பில கதைக்கிறது பிரசங்கத்துக்குத்தானே."

"ஓம். அப்ப களவெடுத்தது ஆர் எண்டும் எழுதிவிடுங்கோவன்."

வியாழக்கிழமை வேதப்படிப்பில் சபையார் கதைப்பதில் போதகருக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமாகும். யாரும் பெயர் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்த வரிகளை அழித்தார். 'பிரசுரிக்கலாம். இதே உவமையை நானும் பிரசங்கித்திருக்கிறேன், சபைப் பெண் ஒருவர் சொல்லக் கேட்டு' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பிறகும் மனம் ஆறவில்லை. அலுமாரியிலிருந்த பழைய பிரசங்கத் தாள்களைக் கிளறினார். கிறிஸ்மஸ் பிரசங்கத்தில் எல்லோரையும் அழவைத்த வள்ளக்காரன் கதை கையில் வந்தது.

"தர்சிகா, இது உம்மட கதையோ?"

குசினிக்குள் அவள் சிரிப்பது கேட்டது.