பத்துக்குப் பத்து

"பாப்பாவைக் கட்டில்லேருந்து சக்கர நாற்காலிக்கு மாத்தும்போது எவ்வளவு நம்பிக்கையா செய்யறீங்க? பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

பயிற்சி மையத்தின் பிசியோதெரபிஸ்ட் பெற்றோர் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டாள்.

"பத்து," என்றார் அப்பா, யோசிக்காமல். எப்போதாவது காரில் ஏற்றிவிடுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

அம்மா மகளைப் பார்த்தாள். பதினொரு வயது. கால்கள் விறைத்தவை, வாய் மட்டும் ஓயாது. வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கழிப்பறை, குளியல், பள்ளி வேன் என்று நாள் முழுக்க அவளைத் தூக்கி இறக்குபவள் அம்மாதான். போன மழைக்காலத்தில் ஈரத் தரையில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்திருந்தார்கள்.

"நாலு," என்றாள்.

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் மேடம்," என்று அவர் சிரித்தார்.

மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் வகுப்பு. அம்மா போய்க் கற்றுக்கொண்டாள்.

குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக அவள் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தபோது, "எப்படித் தூக்கறதுன்னு ஒரு தடவை காட்டிடறேன், வாங்க," என்று அப்பாவை அழைத்தாள்.

"என் பொண்ணைத் தூக்க எனக்குப் பாடமா?"

அவள் மருத்துவமனைக்குப் போன மறுநாள் காலை, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், அப்பா மகளின் ஒரு கையைப் பிடித்து இழுத்து எழுப்பினார். தோள் மூட்டு விலகிவிட்டது. அலறல் பக்கத்து வீடு வரை கேட்டது.

அடுத்த முறை மையத்தில் அதே கேள்வி. அம்மா "ஏழு" என்றாள். "பாருங்க, வகுப்பு எவ்வளவு பலன் தந்திருக்கு!" என்று பிசியோதெரபிஸ்ட் பூரித்துப் போனாள்.

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஒண்ணு," என்றார்.

"உண்மையை ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம் சார். அடுத்த வகுப்புல சேர்ந்துடுங்க."

அவர் சேரவில்லை. அதன்பின் மகள் கூப்பிட்டால் சோபாவிலிருந்து எழுந்திருப்பதும் இல்லை. "எனக்குத்தான் நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டேனே. மறுபடி ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று அம்மாவிடம் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் தையலை ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, குனிந்து, மகளைத் தூக்கினாள்.

பள்ளியிலிருந்து தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வரத் தொடங்கியது.

"ஏன்டி குடிக்கல?"

"தாகம் இல்லம்மா."

"உதடு வெடிச்சிருக்கு. உண்மையைச் சொல்லு."

வாயாடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "குடிச்சா, வீட்டுக்கு வந்ததும் நீ என்னைப் பாத்ரூமுக்குத் தூக்கணும்ல."

அம்மா மூடியைத் திறந்து பாட்டிலை அவள் வாயருகே பிடித்தாள்.

"குடி," என்றாள். அழுகையை அடக்கியதில் அது அதட்டலாகத்தான் வந்தது.