நாலாவது வட்டம்

எனக்குப் பின்னால் என்னை "வட்டம் மேடம்" என்று சொல்கிறார்கள். தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிப் போவார்கள். நான் காரைச் சுற்றி வந்து, குறை இருக்கும் இடத்திலெல்லாம் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே நம்பர் எழுதி, போட்டோ எடுப்பேன். அப்புறம்தான் ரிப்போர்ட். வட்டம் போடாத குறை என் ரிப்போர்ட்டில் வராது. வாங்குபவருக்கு ஒரு காப்பி, விற்பவருக்கு ஒரு காப்பி, இரண்டும் ஒரே நாளில் போய்விடும். முதுகுக்குப் பின்னால் குறை சொல்கிற பழக்கம் எனக்கில்லை. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

வட்டத்தைப் பார்த்ததும் விற்பவர்களுக்கு மூஞ்சி சுருங்கும். ஒரு மனுஷர் என் கண்ணெதிரிலேயே கைக்குட்டையால் துடைத்தார். "சாக்பீஸ் போயிடும் சார், துரு போகுமா?" என்று கேட்டேன். அதோடு அடங்கினார்.

இவ்வளவு வாய் பேசுகிற நான் ஒரே ஒரு தடவை பொய் எழுதினேன். அதுவும் கூடப்பிறந்த தம்பிக்கு.

தம்பி காது மெஷின் பொருத்துகிறவன். ஊருக்கெல்லாம் காது கொடுப்பான், அக்கா சொன்னால் மட்டும் அவன் காதில் விழாது. இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு முன்னால், சிக்னலில் சிவனே என்று காரில் நின்றுகொண்டிருந்தவன் மேல் ஒரு லாரி வந்து ஏறியது. அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. காரின் மேலும் இல்லை. ஆனால் அந்தக் காரைப் பார்த்து "தாராளமாக வாங்கலாம்" என்று எழுதிக் கொடுத்தது நான்தான். இரண்டே வட்டம் போட்டிருந்தேன். அந்த ரிப்போர்ட்டை இன்னும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவனுடைய இடது முழங்கால் மடங்குவதில்லை. என் வீட்டுக் கீழ் அறையில்தான் இருக்கிறான். ஆஸ்பத்திரி, முடிவெட்டும் கடை, சிநேகிதன் வீடு, எங்கே போனாலும் நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். "அக்கா டாக்ஸி, பேச்சுக்குத் தனிக் கட்டணம்" என்பான்.

போன மாதம் அவனுடைய பழைய கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த வேலை அவனுக்காகக் காத்திருக்கிறது, மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரு மணி நேரப் பயணம். மூன்று பஸ் மாற வேண்டும், அந்தக் காலோடு அது நடக்காது. "நான் கொண்டுவிடறேன்டா" என்றேன். "காலைல கொண்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்து, நீ எப்பக்கா வட்டம் போடுவ?" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நானே ஓட்டிட்டுப் போனாத்தான் அது வேலை. இல்லேன்னா அது ஸ்கூல்" என்றான்.

ஏழு வண்டி பார்த்தோம். ஏழையும் வேண்டாம் என்றேன். எல்லாம் நிஜமாகவே உள்ள குறைதான், ஏழாவதில் மட்டும் கொஞ்சம் ஓவராகக் கறார் காட்டிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

எட்டாவது அவனே தேடிப் பிடித்தது. ஆறு வயசான ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் செடான். நீல நிறம், ஆட்டோமேட்டிக் கியர், க்ளட்ச் மிதிக்கிற வேலை இல்லை.

எனக்கு இந்த வகை வண்டியே ஆகாது. புதிதாக வாங்குகிறவன் வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்குவான். நாலு வருஷம் பிழிந்து சக்கையாக்கிவிட்டு, குளிப்பாட்டி, வாசனை அடித்து, அடுத்தவன் தலையில் கட்டுவான். பின் சீட்டு முழங்கால் இல்லாதவர்களுக்காகச் செய்தது. கூரை தாழ்வு, சீட்டு அதைவிடத் தாழ்வு.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு உனக்கு இவ்வளவு தாழ்வான சீட்டு எதுக்குடா?"

"மெத்து மெத்துன்னு போற வண்டில ரோடு எங்க இருக்குன்னே தெரியாதுக்கா. இது இறுக்கமா போகும். சக்கரத்துக்கு அடியில ஒரு கல்லு இருந்தாக்கூட கைக்கு வந்துடும். காலுக்குப் போனது கைக்காவது வரட்டுமே."

வேலையில் சேர நாலே நாள்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை கிளம்பினோம்.

விற்பவர் ஒரு பல் டாக்டர். வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன, இரண்டு குழந்தை சீட்டைப் பின்னால் மாட்டினால் முன்னால் உட்காருகிறவர் மூக்கு கண்ணாடியில் இடிக்கிறது, அதனால் விற்கிறார். காரணம் நம்பும்படிதான் இருந்தது. ஆனால் நான் முதலில் மனுஷரை நம்புவதில்லை, பானெட்டைத்தான் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், நான் வருவதற்கு முன் ஓட்டி, காலை நேரத்துச் சத்தத்தை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

ஸ்டார்ட் செய்ததும் ஒரு கரகரப்பு இல்லை. ஆயில் மூடியைத் திறந்தேன், உள்ளே சுத்தம். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியைக் கதவு கதவாக வைத்தேன், எங்கும் ஒரே எண். இடித்து, தட்டி, மறுபடி அடித்த பெயின்ட் என்றால் அது காட்டிக்கொடுத்துவிடும். முட்டி போட்டு டயரின் உள்பக்கம் பார்த்தேன். இந்த வண்டிகளை வளைவில் துரத்தி ஓட்டுகிறவர்களின் வண்டவாளம் அங்கேதான் இருக்கும். சீராகத் தேய்ந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பார்த்தும் எனக்குக் கிடைத்தது மூன்று வட்டம்: முன் சக்கர விளிம்பில் ஒரு உரசல், காய்ந்துபோன வைப்பர் ரப்பர், பின் பம்பரில் ஒரு கீறல்.

"குழந்தைங்களத் தள்ளிட்டுப் போற ஸ்ட்ரோலர் இடிச்சது மேடம்," என்றார் டாக்டர் மூன்றாவது வட்டத்தைப் பார்த்து. எதையோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி அவர் காது சிவந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

தம்பி டிரைவர் சீட்டில் ஏறிப் பார்த்தான். முதுகைத் திருப்பி உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான். நான் வாட்சைப் பார்த்தேன், பதினாலு வினாடி. "நேரம் எடுக்குதுக்கா, ஆனா யாரும் துரத்தலையே," என்றான். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். முதலில் நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டினேன். என்ன சொல்ல? நினைத்த இடத்தில் திரும்பியது, மிதித்த அளவுக்கு நின்றது. மேம்பால வளைவில் ஒரு இழுப்பு, ஒரு ஆட்டம் கிடையாது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கியர் மாறுவதைக் காதால் கேட்டுக்கொண்டு வந்தான். "அக்கா, நீ சிரிக்கிறியா? வண்டியைப் பாத்தா?" என்றான்.

அப்போதுதான் சிக்னல் விழுந்தது. பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. தாழ்வான சீட்டு இல்லையா, ஜன்னல் முழுக்க அதன் சக்கரம்தான் தெரிந்தது. கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கண் மூடியபடியே உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். மூன்று குறையும் எழுதி, மூன்று போட்டோவும் சேர்த்தேன். கீழே "தாராளமாக வாங்கலாம்" என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. சத்தியமாக விரல் நகரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு எழுதினேன்: "4. கியர் பெட்டியில் நடுக்கம். வாங்க வேண்டாம்." அவனுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று அனுப்பினேன், பழக்கம் விடாது இல்லையா.

தம்பி மேலே வந்தான். போனில் அதைப் படித்தபடி கதவருகே நின்றான்.

"சரிக்கா. நாளைக்கு சாயங்காலம் கிளினிக்குக்கு போன் பண்ணி வரலேன்னு சொல்லிடறேன்."

"வேற வண்டி பாக்கலாம்டா."

"ம்." அவ்வளவுதான். ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. படிக்கட்டில் ஒவ்வொரு காலாக அவன் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை பல் டாக்டர் போன் செய்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துத் தயாரானேன். சண்டை என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. ரிப்போர்ட்ல நாலு குறை இருக்கு. வண்டில மூணு வட்டம்தான் இருக்கு. நாலாவது எங்க போட்டீங்கன்னு தெரியல. என் மனைவிகூட டார்ச் அடிச்சுத் தேடிட்டா."

கியரில் குறை என்றால் கியர் லீவர் தலையிலேயே வட்டம் போடுவேன். எத்தனை வண்டிகளில் போட்டிருக்கிறேன்!

"பரவால்ல மேடம்," என்றார் அவர். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பதினோரு மணிக்கு வொர்க்‌ஷாப்ல விடறேன். கியர் பெட்டியக் கழட்டிப் பாக்கச் சொல்லிட்டேன். குறையோட ஒருத்தருக்கு வண்டியக் கொடுக்கக் கூடாதில்லையா."

நல்லவர்கள் இப்படித்தான் மனுஷனைக் கொல்வார்கள். கழட்ட விடாதீர்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகிற சட்டை. போகப் போவதில்லை என்று சொன்னவன் எதற்கு இஸ்திரி போடுகிறான்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டேய், கியர்ல ஒண்ணும் இல்லடா. நான் பொய் எழுதிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"காது மெஷின்ல பொட்டு இரைச்சல் இருந்தாலே கண்டுபிடிக்கிறவன்க்கா நான். அந்த கியர் நடுங்கினா எனக்குக் கேக்காதா? அதுவுமில்லாம நாலாவதுக்கு போட்டோ இல்ல. நீ போட்டோ இல்லாம ஒரு குறை எழுதினது இதான் முதல் தடவை."

"அப்ப ஏன்டா நேத்தே கேக்கல?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். ரெண்டு வருஷமா ராத்திரி பகல் பாக்காம என்னைத் தூக்கிச் சுமந்திருக்க. நீ வேண்டாம்னா நான் வாங்க மாட்டேன். ஆனா 'எனக்கு பயமா இருக்கு'ன்னு எழுதுக்கா. பாவம் கியர், அது மேல பழிபோடாத."

நான் அவன் கட்டில் முனையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அவன் மறு சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தான். "இதுக்கும் தனிக் கட்டணமா?" என்று கேட்டான். மூக்கைச் சிந்திக்கொண்டே அவனைத் திட்டினேன்.

பத்தே முக்காலுக்கு டாக்டர் வீட்டில் இருந்தோம். அவர் சாவியோடு வாசலில் நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்க வண்டில நாலாவது குறை கிடையாது சார். நான் பொய் சொன்னேன். சிக்னல்ல நின்ன இவன் மேல ஒரு லாரி ஏறினதுல இருந்து எனக்கு பயம். இருபத்திரண்டு வருஷத்துல பொய் எழுதினது இதான் முதல் தடவை. மன்னிக்கணும்."

அவர் என்னையும் தம்பியின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்டயும் வருவாங்க மேடம். பல்லுல ஒண்ணும் இருக்காது, பயத்துல பிடுங்கிடுங்கம்பாங்க. நான் பிடுங்க மாட்டேன்." சாவியைத் தம்பியிடம் நீட்டினார். "நீங்க இன்னும் ஓட்டிப் பாக்கலையே சார்?"

தம்பி முதுகைத் திருப்பி உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தான். இந்தத் தடவை நான் வாட்சைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். தெருமுனைவரை நடக்கிற வேகத்தில் போனான். மெயின் ரோட்டில் கொஞ்சம் வேகம் கூட்டினான். மேம்பால வளைவு வந்தபோது நான் "மெதுவா, மெதுவா" என்று ஜபம் செய்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி திரும்பியது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டு, "வருதுக்கா, கைக்கு வருது," என்றான். அவன் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எனக்கு பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு சேர்த்து சந்தோஷமும் இருந்தது.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவன் என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தான். குனிந்து, என் காலடியில் இருந்த ரப்பர் விரிப்பில் ஒரு மஞ்சள் வட்டம் போட்டு, உள்ளே 4 என்று எழுதினான்.

"என்னடா இது?"

"வழி பூரா நீ வலது காலால இல்லாத பிரேக்கை மிதிச்சுட்டு வந்த. விரிப்பே பள்ளமாயிடுச்சு. இதான் உண்மையான நாலாவது குறை. போட்டோ எடுத்துக்க."

எடுத்தேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலம் புது ரிப்போர்ட் எழுதினேன். "4. பார்த்தவருக்கு பயம். வண்டிக்கு இல்லை. தாராளமாக வாங்கலாம்." இரண்டு பேருக்கும் அனுப்பினேன். சனிக்கிழமை கைமாறியது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினான். நான் கேட்டருகே நின்று, டயர், கண்ணாடி, பெல்ட், தண்ணீர் பாட்டில் என்று அடுக்கிக்கொண்டே போனேன். "அக்கா, நான் கண்டம் விட்டுக் கண்டம் போகல, வேலைக்குப் போறேன்," என்றான். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அதன் விரிப்பில் மஞ்சள் வட்டத்தை அவன் அழிக்கவில்லை.

வண்டி தெருவில் இறங்கியது. முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. என் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. அங்கே வண்டியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. சைக்கிள் நிதானமாகக் கடந்து போயிற்று. வண்டி திரும்பி மறைந்தது. நான் காலைத் தரையிலிருந்து எடுத்தேன். பிரேக்கை மிதித்தது அவன்தான்.