பாகு பார்க்கிற வாய்

நாற்பது நாளாகச் சோலைராஜ் சோற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காலையில் ஆறு முட்டை, மத்தியானம் ஆட்டுக்கறி. அதிலும் கொழுப்பாகத் தேடித் தேடித் தின்றார். கொழுப்பு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது என்று முதலாளி எபநேசர் சொல்லியிருந்தார். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனி நடத்தும் எபநேசரும் சோறு, இனிப்பு தொடாத இந்தக் கீட்டோ டயட்தான். செல்போனில் வீடியோ பார்த்தே பாதி டாக்டர் ஆகியிருந்தார்.

சனிக்கிழமை டெஸ்டில் சுகர் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கம்பெனியில் கொதிக்கிற வெல்லப்பாகு கையில் தெறித்தால் வேட்டியில் துடைத்துவிட்டு வேலை பார்க்கிற மனுசனுக்கு, ஊசி என்றால் மட்டும் அப்படியொரு பயம்.

சனிக்கிழமை வந்தது. சுகர் முன்னைவிட ஏறியிருந்தது.

"மாத்திரை போடுதீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"போடுதேன்மா. நிறுத்திரலாம்னு முதலாளி சொன்னாவ. இவதான் விடல."

பக்கத்தில் இருந்த மனைவி முத்துசெல்வி பொரிந்தாள். "மூணு ஆளு கறிய ஒத்தையில திங்காவ டாக்டரம்மா. ராத்திரிக்கு ஒரு செம்பு கம்மங்கஞ்சி வேற."

"கம்பு நம்ம கரிசக்காட்டுல வெளையிறது. அதுல மாவுச்சத்து கிடையாதும்மா" என்றார் சோலைராஜ்.

"யாரு சொன்னா?" என்றார் டாக்டரம்மா.

"முதலாளி."

"அதுலயும் உண்டு. ஆனா ஒரு செம்புக்கு இவ்வளவு ஏறாதே. இனிப்பு?"

சோலைராஜ் நெஞ்சில் கை வைத்தார். "தொடல."

"பின்ன ஏன் உங்க வாயில எந்நேரமும் வெல்ல வாடை?" என்றாள் முத்துசெல்வி.

"ஏட்டி, அது பதம் பாக்கது!"

"எப்படிப் பாப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

தொழிலைக் கேட்டதும் சோலைராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெல்லப்பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். பல்லில் ஒட்டாமல் நொறுங்கினால் பதம். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சட்டிப் பாகுக்கு, மூன்று தடவை. நாளைக்கு இருபது ஈடு.

"அறுபது உருண்டை! முழுங்கிருவீங்களா?"

"பண்டத்தத் துப்பவா முடியும்? ஆனா அது வேலைம்மா. சாப்பாட்டுல சேராது."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வேலையா சாப்பாடான்னு உங்க ரத்தத்துக்குத் தெரியாதுல்லா? ஒரு மாசம் தாரேன். மாத்திரைய விடாதீங்க. கறியக் குறைச்சுக் காய் தின்னுங்க. இனி ஒரு உருண்டை உள்ள போச்சுன்னா ஊசிதான்."

திங்கட்கிழமை பாகு திரண்டு வந்தது. சோலைராஜ் துளியை உருட்டினார். கை தானாக வாய்க்குப் போய், பாதியில் நின்றது. பாகு நிற்குமா? இன்னும் ஒரு நிமிசம் விட்டால் மொத்த ஈடும் கருகிக் கசந்துவிடும்.

"ஏலே, என்ன மலைச்சு நிக்க? எறக்குடே!" என்று ஓடிவந்தார் எபநேசர்.

"அண்ணாச்சி, வாயத் தொறங்க."

"நான் கீட்டோல்லா இருக்கேன்!"

"பயப்படாதீங்க. இது சாப்பாடு இல்ல, வேலை."

எபநேசர் அடுப்பைப் பார்த்தார். உருண்டையைப் பார்த்தார். பாகு நுரைத்து ஏறியது. வாயைத் திறந்தார்.